நேரம் கேட்கும் பேச்சு: நேரிலும் திரையிலும் திக்கல்

இரண்டு பேர் பேசும்போது ஒருவர் முடித்ததற்கும் மற்றவர் ஆரம்பிப்பதற்கும் நடுவே எவ்வளவு நேரம் போகும்? பத்து மொழிகளின் உரையாடல்களைப் பதிவுசெய்து அளந்த ஓர் ஆய்வு 2009-இல் வெளியானது. சராசரியாக 200 மில்லி விநாடி என்றது அது. அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. மொழிக்கு மொழி கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் உலகம் முழுக்க மனிதர்களின் காது இந்தச் சின்ன இடைவெளிக்குத்தான் பழகியிருக்கிறது. அதைத் தாண்டி ஒருவர் பேசாமல் நின்றால், இவருக்குப் பதில் தெரியவில்லை, எதையோ மறைக்கிறார், பயப்படுகிறார் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

திக்கிப் பேசும் ஒருவருக்கு ஒரு சொல்லில் அடைப்பு விழுந்தால் ஒரு விநாடி போகலாம், சில சமயம் மூன்று நான்கு விநாடிகூடப் போகலாம். கேட்பவர் பொறுமை இழக்க அது போதும். கோவையில் பேச்சு மற்றும் மொழி சிகிச்சையாளராக வேலை செய்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் சொல்லும் கதைகளில் பெரும்பாலானவை திக்கலைப் பற்றியவை அல்ல, காத்திருக்காத மனிதர்களைப் பற்றியவை. இப்போது அந்தப் பட்டியலில் ஃபோனும் லேப்டாப்பும் சேர்ந்துவிட்டன. முன்பு வகுப்பில் வாத்தியார் முன்னால் நின்று தவித்த பிள்ளை இன்று வீடியோ காலில் தவிக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் திக்கல் என்றால் என்ன என்று பார்ப்போம். அது மூன்று விதமாக வரும். சொல்லின் முதல் ஒலியோ அசையோ திரும்பத் திரும்ப வருவது ஒன்று: "ப-ப-ப-பஸ் வந்துருச்சு." ஒலி நீண்டுகொண்டே போவது இன்னொன்று: "ம்ம்ம்ம்மதுரை." மூன்றாவதுதான் அடைப்பு. வாய் அந்த எழுத்துக்குத் தயாராகக் குவிந்திருக்கும், ஆனால் காற்றும் வராது, குரலும் வராது. பார்ப்பவருக்கு அவர் சும்மா நிற்பதுபோல் தெரியும், உள்ளே முழு பலத்தையும் போட்டுத் தள்ளிக்கொண்டிருப்பார். மூன்றிலும், என்ன சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். நன்றாகப் பதிவான ஒரு காணொளி, இணையம் மந்தமாக இருப்பதால் நம் திரையில் விட்டுவிட்டு ஓடுகிறதே, அதைப்போலத்தான் இதுவும். படத்தில் ஒரு குறையும் இல்லை, அது வந்து சேரும் நேரம்தான் தட்டுகிறது.

எல்லோரும் பேச்சின் நடுவே "வந்து... அது... என்னன்னா..." என்று இழுக்கிறோம். அது திக்கல் இல்லை. மூன்று வயதுக் குழந்தை "எனக்கு எனக்கு எனக்கு ஐஸ்" என்று முழுச் சொல்லையும் அலட்டிக்கொள்ளாமல் திருப்பிச் சொன்னால் பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை. சொல் உடைந்து முதல் எழுத்திலேயே மாட்டுவது, கண்ணை இறுக்கிக்கொள்வது, காலைத் தரையில் தட்டுவது, கழுத்து நரம்பு புடைப்பது இவையெல்லாம் வேறு. கண் சிமிட்டுவதும் கால் தட்டுவதும் திக்கலோடு பிறந்தவை அல்ல. என்றோ ஒரு நாள் காலைத் தட்டியபோது சொல் வெளியே வந்திருக்கும், அதைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். பிறகு தட்டினாலும் வராது, ஆனால் பழக்கம் ஒட்டிக்கொள்ளும்.

வெளியே தெரியாத திக்கலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "நான் திக்கவே மாட்டேன் மேடம், யாருக்கும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே வருகிறவர்கள் உண்டு. நன்றாகத்தான் பேசுவார்கள். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் அவர்கள் மனம் சில அடிகள் முன்னே ஓடிப்போய் எந்தச் சொல்லில் மாட்டும் என்று பார்த்துவிட்டு வரும். மாட்டும் சொல்லைத் தூக்கிவிட்டு வேறு சொல் போடும். பொங்கல் சாப்பிட ஆசை இருக்கும், சர்வரிடம் கேட்பது இட்லியாக இருக்கும். காந்திபுரத்தில் பஸ் ஏறிப் பீளமேட்டில் இறங்க வேண்டிய பையன், "பீ" வராது என்று தெரிந்து, அதைத் தாண்டி இருக்கும் ஹோப்ஸ் காலேஜுக்கு டிக்கெட் எடுத்துப் பீளமேட்டிலேயே இறங்கிக்கொள்வான். வகுப்பில் பதில் தெரிந்தும் "தெரியாது சார்" என்பான், ஏனென்றால் "தெரியாது" சுலபமாக வருகிறது. வருடக்கணக்கில் இப்படி வாழ்வது எவ்வளவு களைப்பு என்று கூட இருக்கும் பெற்றோருக்கே தெரியாது. அமெரிக்க உளவியலாளர் ஜோசஃப் ஷீஹன் திக்கலைப் பனிப்பாறை என்றார். காதில் விழுவது நுனி மட்டும், வெட்கமும் பயமும் தவிர்ப்பும் தண்ணீருக்கு அடியில். எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த படம் அது.

எதை மாற்றினாலும் ஒன்றை மாற்ற முடியாது: சொந்தப் பெயர். அதனால்தான் பலர் தங்கள் பெயரில்தான் மிக மோசமாகத் திக்குகிறார்கள். அந்த நேரத்தில் "என்னப்பா, உன் பேரே மறந்துபோச்சா?" என்று யாராவது கேட்டு, மற்றவர்கள் சிரிப்பார்கள். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நம் ஊரில் எல்லோரும் நிறுத்திவிட்டால்கூட எத்தனையோ பேருக்குப் பெரிய நிம்மதி.

பள்ளி ஆசிரியர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பே சேர்ந்து குறள் சொல்லும்போது அந்தப் பிள்ளை தட்டாமல் சொல்லும். தனியாக எழுப்பினால் முதல் சீரிலேயே நிற்கும். "எல்லாரோடயும் சொல்றான், தனியா கேட்டா மட்டும் நடிக்கிறான்" என்று சொன்ன ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அது நடிப்பு இல்லை. சேர்ந்து சொல்லும்போதும், பாடும்போதும், தாளத்துக்குப் பேசும்போதும், யாரும் இல்லாத அறையில் தனக்குத்தானே பேசும்போதும் திக்கல் பெரும்பாலும் மறைந்துவிடும். வெளியிலிருந்து ஒரு தாளமோ குரலோ கிடைத்தால், அடுத்த ஒலியை எப்போது தொடங்குவது என்ற வேலை மூளைக்குச் சுலபமாகிறது. அந்தப் பிள்ளை குறளை மனப்பாடம் செய்திருக்கிறது. பக்கத்துப் பிள்ளையோடு சேர்ந்து இருவராகச் சொல்லச் சொல்லிப் பாருங்கள், நம்புவீர்கள்.

இதற்குக் காரணம் என்ன? ஒற்றைக் காரணம் கிடையாது. மரபணு ஒரு பெரிய பங்கு வகிக்கிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் டென்னிஸ் டிரேனா குழு பாகிஸ்தானில் திக்கல் தலைமுறையாக வரும் குடும்பங்களை ஆராய்ந்து, 2010-இல் சில மரபணு மாற்றங்களை வெளியிட்டது. 2025-இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவை வைத்து வந்த ஆய்வு, மரபணுத் தொகுதியில் திக்கலோடு தொடர்புள்ள 57 இடங்களைக் காட்டியது. மூளைப் படங்களில், பேச்சைத் திட்டமிடும் இடது பக்கப் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளிலும், அசைவுகளுக்கு நேரம் குறித்துத் தரும் அடித்தள முடிச்சுகளிலும் வேறுபாடு தெரிகிறது. ஆக இது நரம்பு வளர்ச்சி சார்ந்த விஷயம். பயந்த சுபாவம், புத்திக் குறைவு, வளர்ப்பு சரியில்லை என்ற பேச்செல்லாம் பொய்.

பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் ஆரம்பிக்கும், வாக்கியங்கள் வேகமாக நீளும் வயது அது. நூறு குழந்தைகளில் ஐந்து பேராவது ஏதோ ஒரு கட்டத்தில் திக்குவார்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குத் தானாகவோ சிகிச்சையாலோ சரியாகிவிடும். நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவருக்கு அது நிலைத்துவிடுகிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.21 கோடி, அந்தக் கணக்கில் ஏழு லட்சம் பேர். பெரியவர்களில் ஆண்களே அதிகம், நான்கு ஆணுக்கு ஒரு பெண் என்பார்கள். பெண்கள் குறைவு என்பதால் அவர்கள் பாடு லேசு என்று அர்த்தமில்லை. "கல்யாணம் வரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று அம்மாக்களே அடைத்துவைத்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் முன் ஒரு வார்த்தையும் பேசாமல் காபி கொடுத்துவிட்டு உள்ளே போனால் போதும் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லப்பட்டிருக்கும். பிறகு வாழ்க்கை முழுக்க அந்த வீட்டில் அவள் எப்படிப் பேசுவாள் என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

எங்கள் பக்கம் பாட்டிமார்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும்போது, "வசம்பைச் சுட்டு நாக்குல தடவிப் பாத்தோமுங்க, ஒண்ணும் கேக்கல" என்பார்கள். பாசத்தில் செய்ததுதான், ஆனாலும் வேண்டாம். வசம்பில் உள்ள சில சேர்மங்கள் உடலுக்குக் கெடுதல், திக்கலுக்கு அது மருந்தும் இல்லை. வாயில் கூழாங்கல் போட்டுப் பேச வைப்பதும் அப்படித்தான், தொண்டையில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அப்புறம் நாக்கு ஒட்டு. நாக்கின் அடியில் உள்ள சவ்வு குட்டையாக இருந்தால் சில ஒலிகளின் உச்சரிப்பில் சிக்கல் வரலாம், ஆனால் திக்கல் வராது. அதைக் கீறிவிட்டால் திக்கல் போய்விடும் என்று பிள்ளையை மயக்க ஊசி வரை கொண்டுபோகிறார்கள். இந்த ஆசை பழையது. 1841-இல் பெர்லினில் டீஃபன்பாக் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் திக்குபவர்களின் நாக்கின் அடிப்பகுதியை வெட்டியே பார்த்தார், அதுவும் மயக்க மருந்து புழக்கத்துக்கு வராத காலத்தில். நாக்குக்குக் காயம் ஆனதுதான் மிச்சம். கூடப் படிக்கும் பையனைப் பார்த்துக் கற்றுக்கொண்டான் என்பதும் உண்மையில்லை, திக்கல் தொற்றாது.

பெற்றோர் மேல் பழி போட்ட காலமும் இருந்தது. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் வெண்டல் ஜான்சன் என்பவர், தானே திக்கிப் பேசியவர், பெற்றோர் குறை சொல்லிச் சொல்லித்தான் திக்கல் உருவாகிறது என்று நம்பினார். அதைச் சோதிக்க 1939-இல் ஓர் அனாதை இல்லத்துப் பிள்ளைகள் 22 பேரை வைத்து அவருடைய மாணவி ஒரு பரிசோதனை செய்தார். நன்றாகப் பேசிய சில பிள்ளைகளிடம் "நீ திக்குகிறாய், கவனமாகப் பேசு" என்று மாதக்கணக்கில் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு உண்மையான திக்கல் வந்ததாக நிரூபணம் ஆகவில்லை. ஆனால் பலர் பேசவே தயங்கி ஒடுங்கிப்போனார்கள். 2001-இல் ஒரு பத்திரிகை இதை வெளியே கொண்டுவந்த பிறகு பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது, 2007-இல் நஷ்ட ஈடும் கொடுக்கப்பட்டது. ஜான்சன் கோட்பாடு இன்று நிற்கவில்லை. அம்மா அப்பா திக்கலை உண்டாக்குவதில்லை. ஆனால் ஓயாமல் திருத்தினால் ஒரு பிள்ளை எப்படி வாயை மூடிக்கொள்ளும் என்பதற்கு அந்தக் கொடுமையான பரிசோதனையே சாட்சி.

அதனால் வீட்டில் என்ன செய்வது? "மெதுவா பேசு கண்ணு", "மூச்சை இழுத்துட்டுச் சொல்லு சாமி" என்று சொல்வதை நிறுத்துங்கள். சொல்லும் தொனி அன்பானதுதான், ஆனால் பிள்ளைக்குக் கேட்பது "நீ பேசுவது சரியில்லை" என்பதே. அதற்குப் பதில் நீங்கள் மெதுவாகப் பேசுங்கள். பிள்ளை சொல்லி முடித்த பிறகு ஒரு விநாடி விட்டுப் பதில் சொல்லுங்கள். அடுக்கடுக்காகக் கேள்வி கேட்காதீர்கள். ஸ்கூல்ல என்ன நடந்துச்சு, சாப்பிட்டியா, டப்பா எங்க, மிஸ் என்ன சொன்னாங்க என்று வாசலிலேயே நான்கு கேள்வி விழுந்தால் எந்தப் பிள்ளைக்கும் நாக்கு தட்டும். சொல்லை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். விருந்தாளி முன்னால் "மாமாவுக்குப் பாட்டுச் சொல்லு" என்று நிறுத்தாதீர்கள். தினமும் கொஞ்ச நேரம், டிவியும் ஃபோனும் இல்லாமல், அண்ணன் தங்கை குறுக்கிடாமல், அந்தப் பிள்ளையோடு மட்டும் விளையாடுங்கள். திக்கலைப் பற்றிப் பிள்ளையே கேட்டால் மறைக்காமல் பேசுங்கள். "சில வார்த்தை சிக்கிக்குது, பரவால்ல, நான் கேட்டுட்டுத்தான் இருக்கேன்" என்றால் போதும்.

எப்போது வர வேண்டும்? திக்கல் தொடங்கி ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால், குடும்பத்தில் யாருக்காவது நிலைத்திருந்தால், மூன்றரை வயதுக்குப் பின் தொடங்கியிருந்தால், பிள்ளை திணறிப் போராடினாலோ பேசாமல் ஒதுங்கினாலோ, தள்ளிப்போடாதீர்கள். "வளர்ந்தா சரியாயிடும்" என்பது முக்கால்வாசிப் பேருக்கு உண்மை என்பதுதான் பிரச்சினையே. எந்தப் பிள்ளை மிச்சக் கால்வாசியில் இருக்கிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பள்ளிக்கு முந்தைய வயதில் சிகிச்சைக்கு நல்ல பலன் உண்டு. ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கோம்ப் முறை அப்படி ஒன்று. சிகிச்சையாளர் பெற்றோருக்குக் கற்றுக்கொடுப்பார், பெற்றோர் வீட்டில் தினமும் செய்வார்கள், பெரும்பாலும் தட்டாமல் சொன்னதைப் பாராட்டுவதுதான் அதன் உயிர். இதையே வெப்கேம் வழியாகச் செய்து பார்த்து, நேரில் வருவதற்குக் குறையாத பலன் கிடைத்ததாக 2016-இல் ஒரு முறையான சோதனை காட்டியது. மலையிலும் கிராமத்திலும் இருக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய செய்தி.

இனித் திரைக்கு வருவோம். திக்கல் எப்படி இருக்கும் என்று திக்காதவர்களுக்குப் புரியவைக்க எனக்குத் தெரிந்த சுலபமான வழி, வீடியோ காலில் வரும் எதிரொலி. எதிர்முனையில் இருப்பவரின் ஸ்பீக்கரிலிருந்து உங்கள் குரல் அவருடைய மைக்குக்குள் போய், கொஞ்சம் தாமதமாக உங்கள் காதுக்கே திரும்பி வரும். அப்போது பேசிப் பார்த்திருக்கிறீர்களா? சொல் இழுபடும், அசை இரட்டிக்கும், நடுவில் நின்றுவிடுவீர்கள். அமெரிக்காவில் பெர்னார்ட் லீ என்பவர் 1950 வாக்கிலேயே இதை ஒலிநாடாவை வைத்துக் காட்டினார். சொந்தக் குரலைத் தாமதப்படுத்திக் காதில் போட்டால் சரளமாகப் பேசுகிறவரும் திக்குவார், தாமதம் ஏறக்குறைய 200 மில்லி விநாடி இருக்கும்போது தடுமாற்றம் உச்சத்துக்குப் போகும். அந்த நேரத்தில் நீங்கள் பதற்றக்காரரும் இல்லை, புத்தி குறைந்தவரும் இல்லை, உங்கள் பேச்சுக்கும் காதுக்கும் நடுவிலான நேரம் மட்டும்தான் பிசகியது. வியப்பான விஷயம், திக்குபவர்கள் சிலருக்கு இதே தாமதக் குரல் பேச்சைச் சீராக்குகிறது. காதில் மாட்டும் கருவிகளும் ஃபோன் செயலிகளும் அந்த அடிப்படையில் வந்திருக்கின்றன. எல்லோருக்கும் பலன் தருவதில்லை, சிலருக்குக் கொஞ்ச நாளில் பலன் தேய்ந்துவிடுகிறது. பெரிய விலை கொடுத்து வாங்கும் முன் சிகிச்சையாளரோடு உட்கார்ந்து சோதித்துப் பாருங்கள்.

இணைய அழைப்பில் தாமதம் இயல்பு. ஒரு வழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடலுக்குச் சிக்கல் இல்லை என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டுதல். நம் ஊர் மொபைல் டேட்டாவில் மாலை நேரத்தில் அதைத் தாண்டுவது சாதாரணம். யார் எப்போது ஆரம்பிப்பது என்று தெரியாமல் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் ஏறிப் பேசுவோம். திக்குபவர் ஒரு சொல்லைத் தொடங்கப் போராடும் அந்த விநாடியில் இன்னொருவர் புகுந்துவிடுவார், இவர் மறுபடி முதலிலிருந்து. மோசமான இன்னொன்று, அவருடைய அடைப்பு எதிர்முனைக்கு உறைந்த படமாகத் தெரிவது. "ஹலோ? ஹலோ? கட் ஆயிடுச்சா? நெட் சரியில்லையா?" ஐ.டி. வேலையில் இருக்கும் ஒருவர் என்னிடம் சொன்னார், அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் "ஆமா, நெட் இஷ்யூ" என்று சொல்லிவிட்டு கேமராவை அணைத்துவிடுவாராம். அவருடைய குழுவில் யாருக்கும் அவர் திக்குவது தெரியாது. பதவி உயர்வுக்கான மதிப்பீட்டில் "நீங்க மீட்டிங்ல ஆக்டிவா இல்ல" என்று எழுதினார்களாம்.

இவர் போன்றவர்களுக்கு நான் சொல்வது எளிது, செய்வது கடினம் என்பதும் தெரியும்: முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். "எனக்குத் திக்கல் உண்டு, சில இடத்தில் நேரம் எடுக்கும், நெட் பிரச்சினை இல்லை." இப்படிச் சொல்லிவிட்டால் மறைக்கும் வேலை போகிறது. மறைக்கும் வேலை போனால் பலருக்குத் திக்கலும் தளர்கிறது. திரையில் தன் முகமே தெரிவதை மறைத்துவிடலாம், ஜூமில் அதற்கு வசதி இருக்கிறது. அடைப்பில் தன் முகம் இறுகுவதைத் தானே பார்த்துக்கொண்டு பேசுவது தேவையற்ற தண்டனை. பேச வேண்டும் என்பதை கை தூக்கும் பொத்தானால் முன்கூட்டியே காட்டலாம். கூட்டம் நடத்துகிறவர் அறிமுகத்தை வரிசையாக நடத்தாமல் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் என்று விடலாம். வரிசையில் தன் முறை நெருங்க நெருங்க, முன்னால் பேசுபவர்கள் சொன்னது எதுவுமே இவர் காதில் விழுந்திருக்காது.

வங்கிகள் விஷயம் இன்னும் நெருடலானது. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, வாடிக்கையாளரை வீடியோ வழியாகச் சரிபார்க்க அனுமதி தந்தது. நல்ல வசதி. ஆனால் அதிகாரி கேட்கும் முதல் கேள்வி பெயர், இரண்டாவது பிறந்த தேதி. இரண்டிலும் சொல்லை மாற்ற வழியில்லை. சொந்தப் பெயரைச் சொல்லத் தயங்குகிறவர் மோசடிக்காரர் என்றுதான் எவருக்கும் தோன்றும். என்னிடம் வரும் ஒரு பட்டதாரியின் அழைப்பை ஒரு வங்கி இப்படித் துண்டித்துவிட்டது. மறுபடி முயன்றபோது ஒரு வெள்ளைத் தாளில் "எனக்குத் திக்கல் உண்டு, தயவுசெய்து காத்திருங்கள்" என்று எழுதி கேமராவில் காட்டினார். இந்த முறை எதிர்முனையில் இருந்த பெண் காத்திருந்தார். எழுதிக்காட்டும் யோசனை அவருடையதுதான், இப்போது நான் எல்லோருக்கும் சொல்கிறேன். வங்கி ஊழியர்களின் பயிற்சியில் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால், வாடிக்கையாளர் தாள் எழுத வேண்டியிருக்காது.

மனிதர்கள் பழகிக்கொள்வார்கள், இயந்திரத்துக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். குரல் உதவியாளர்களில், இவ்வளவு நேரம் மௌனமாக இருந்தால் பேசி முடித்துவிட்டார் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். சரளமாகப் பேசுகிறவர்களை வைத்துக் குறித்த அளவு அது. அடைப்பு அதைத் தாண்டினால் பாதி வாக்கியத்தில் வெட்டிவிடும். திரும்ப வரும் அசைகளைத் தனித்தனிச் சொற்களாக எழுதும். ஆப்பிள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், திக்கிப் பேசும் 91 பேரின் குரலைப் பதிவுசெய்து பார்த்தார்கள். காத்திருக்கும் அளவையும் மற்ற சில அமைப்புகளையும் சரிசெய்ததும், பாதியில் வெட்டுவது 79 சதவீதம் குறைந்தது. நூறு சொல்லில் 25 தவறாகக் கேட்ட இயந்திரம் 10 தவறுக்கு இறங்கியது. அவர்களைச் சரளமாகப் பேச வைக்காமலேயே கிடைத்த பலன் இது. ஐபோன் வைத்திருப்பவர்கள் அமைப்புகளில் அக்சசிபிலிட்டி பகுதிக்குள் சிரியைத் திறந்தால், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று நீட்டிக்கொள்ளலாம். இந்த வசதி இருப்பது இதைத் தேவைப்படுகிறவர்களில் பலருக்கே தெரியவில்லை.

எனக்கு மிகவும் கவலை தருவது கல்லூரி வளாகத் தேர்வுகளில் கணினியே மதிப்பெண் போடும் ஆங்கிலப் பேச்சுச் சோதனை. உச்சரிப்பு, இலக்கணம் இவற்றோடு சரளம் என்று ஒரு தலைப்பும் உண்டு. இடைநிறுத்தமும் திரும்பச் சொல்வதும் அதில் மதிப்பெண்ணைக் குறைக்கும். ஆங்கிலம் சரியாக வராமல் தடுமாறும் மாணவனையும், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்து திக்கும் மாணவனையும் அந்த எந்திரம் ஒரே தட்டில் நிறுத்துகிறது. கோடிங்கில் முதலிடத்தில் இருக்கும் பிள்ளைகள் மனிதரைச் சந்திக்கும் சுற்றுக்கே போகாமல் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். வேலைவாய்ப்பு அலுவலர்களாக இருக்கும் பேராசிரியர்களே, சோதனைக்கு முன்பே நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள்: நேரக் கட்டுப்பாடு இல்லாத வடிவம் உண்டா, அந்த மாணவருக்கு நேரடி உரையாடல் வைப்பீர்களா என்று. கேட்டால் மனித வளத் துறையில் சிலர் ஒத்துக்கொள்கிறார்கள். மாணவன் தானாகக் கேட்பதைவிடக் கல்லூரி கேட்பதற்கு எடை அதிகம்.

பெரியவர்களுக்கான சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாக. திக்கலை முழுவதும் அழித்துவிடுவதாக யாராவது உறுதி கொடுத்தால், அதுவும் பத்து நாளில், நூறு சதவீதம் என்று சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். சில நாள் மெதுவாக இழுத்துப் பேசவைத்தால் யாருக்கும் திக்கல் குறையும், ஊருக்குப் போனதும் திரும்பும். திரும்பியதும் "நான்தான் ஒழுங்காகப் பயிற்சி செய்யவில்லை" என்று அவர் தன்னையே குறை சொல்லிக்கொள்வார், அதுதான் பெரிய சேதம். நாங்கள் செய்வது வேறு. மென்மையாக ஒலியைத் தொடங்குவது, அடைப்பு விழுந்தால் தள்ளாமல் அதற்குள்ளேயே இறுக்கத்தைத் தளர்த்தி வெளியே வருவது, தவிர்த்த சொற்களை வேண்டுமென்றே சொல்வது, தவிர்த்த ஃபோன் கால்களை ஒவ்வொன்றாகச் செய்வது. இந்த வழியின் பெரும்பகுதி சார்லஸ் வான் ரைப்பர் என்ற, தானும் கடுமையாகத் திக்கிய, அமெரிக்க ஆசானிடமிருந்து வந்தது. கூடவே, திக்குபவர்கள் ஒருவரையொருவர் சந்திப்பதும் மருந்துதான். இந்தியத் திக்கல் சங்கம் என்ற சுய உதவி அமைப்பு இணையத்திலும் கூடுகிறது. தன்னைப்போல் இன்னொருவர் பேசுவதை முதல்முறை கேட்டவர்கள் அழுததைப் பார்த்திருக்கிறேன். 1957-இல் கேரளத்தின் முதல் முதலமைச்சரான ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு வாழ்நாள் முழுக்கத் திக்கியபடியேதான் மேடைகளில் பேசினார். அமெரிக்க அதிபராக இருந்த ஜோ பைடன் சிறுவயதுத் திக்கலைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர். திக்கல் போன பிறகுதான் வாழ்க்கை தொடங்கும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

எங்கே போவது என்று கேட்பீர்கள். பேச்சு மற்றும் கேள்வியியல் படித்து, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவுசெய்தவரா என்று முதலில் கேளுங்கள், பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் விசாரித்தால் பேச்சு சிகிச்சையாளரிடம் அனுப்புவார்கள். குழந்தைகளுக்கு மாவட்ட அளவில் டி.இ.ஐ.சி. எனும் ஆரம்பநிலைச் சிகிச்சை மையங்கள் உண்டு, கட்டணம் இல்லை. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோர் நிறுவனமும், மைசூரில் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேள்வி நிறுவனமும் இருக்கின்றன. பயணம் முடியாதவர்கள் ஆன்லைனில் சிகிச்சை எடுக்கலாம். அதற்கு இரண்டு யோசனை: வீட்டில் பிள்ளை இயல்பாகப் பேசும்போது ஃபோனில் பதிவுசெய்து முன்கூட்டியே அனுப்புங்கள், ஏனென்றால் திரையில் தெரிவது திக்கலா இணையத் தாமதமா என்று சில சமயம் எங்களுக்கே குழப்பம் வரும். அப்புறம், செயலியின் இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிடுங்கள். "ஸ்ஸ்ஸ்" என்று நீளும் ஒலியை அது பின்னணிச் சத்தம் என்று எண்ணி விழுங்கிவிடும், நாங்கள் கேட்க வேண்டியதே அந்த ஒலியைத்தான்.